"அக்சஷன் நம்பர் என்ன போடுவது, மேடம்?"

பயிற்சி தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. மொத்தம் 84 ஸ்லைடு, நான் ஆறாவதில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு மூத்த நூலகர் எழுந்தார். "மேடம், இந்த ஈ-புக்குக்கு அக்சஷன் நம்பர் என்ன போடுவது?" என்றார். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு பிரதிக்கும் பதிவேட்டில் கொடுக்கும் வரிசை எண் அது. அறையிலிருந்த 32 பேரும் பேனாவை எடுத்துத் தயாரானார்கள். என்னிடம் பதில் இல்லை. இருபது வருடமாகக் கேட்லாக் போடுகிறேன், மார்க் டேக்குகளை, அதாவது கணினிப் பட்டியல் ரெக்கார்டின் புல எண்களை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் மூன்று மாதம் தயார் செய்ததில் இந்தக் கேள்வி ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. "மதியம் அதுக்கு வருவோம் சார்" என்று சமாளித்தேன். மதியமும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

இணைய வளங்களைப் பட்டியலாக்கம் செய்யச் சொல்லித்தரும்படி உங்களை யாராவது கேட்டால், அதிலும் "வருகிறவர்கள் போய் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்" என்று கேட்டால், ஒத்துக்கொள்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதில் போனது 12,200 ரூபாய், மூன்று மாத மாலைப்பொழுதுகள், கொஞ்சம் மானம்.

நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் நூலகர். 2022-இல் எங்கள் கல்லூரிக்கு நாக் (NAAC) குழு, அதாவது கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் குழு, வரவிருந்தது. நூலகம் என்று வந்தால் ஆட்டோமேஷன் ஆகிவிட்டதா, மின்-வளங்களுக்குச் சந்தா உண்டா, தினமும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். பிரின்சிபால் கூப்பிட்டார். "ஒரு ஒர்க்‌ஷாப் நடத்துங்க மேடம். சும்மா கேட்லாகிங் வேண்டாம், ஆன்லைன் ரிசோர்ஸ் கேட்லாகிங். 'டிரெய்ன் தி டிரெய்னர்'னு பேனர்ல போட்டா நல்லா இருக்கும்" என்றார். பேனரில் நன்றாகத்தான் இருந்தது. கேட்லாக் போடக் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை, கற்றுக்கொடுக்கப் பழக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் இரண்டு நாளில் முடிக்கலாம் என்று வாய்கொடுத்தது நான்தான். அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

சரி, பாடத்துக்கு என்ன செய்வது? அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பட்டியலாக்கப் பயிற்சிப் பாடங்களை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. நல்ல பாடங்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. அவற்றில் படிப்பவருக்கு ஒரு கையேடு, சொல்லித்தருபவருக்குத் தனியாக ஒரு கையேடு என்று இருக்கும். நான் ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டேன். சொல்லித்தருபவருக்கான கையேட்டை, "இருபது வருஷ அனுபவம் இருக்கே, இது எதுக்கு" என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை உட்கார்ந்து ஸ்லைடுகளைச் சுருக்கினேன், படம் ஒட்டினேன். எடுத்துக்காட்டுகளை மட்டும் மாற்றவில்லை. அத்தனையும் அமெரிக்கப் பல்கலைக்கழகத் தளங்கள். நம் மாணவர் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

பணம் போன கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களுக்குப் பாடம், மாதிரி ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுத் தரலாம் என்று 35 பென் டிரைவ் வாங்கினேன், ஒன்று 280 ரூபாய், ஆக 9,800. கல்லூரி இணையம் எப்போது போகும் என்று தெரியாததால் ஒரு டாங்கிளும் ரீசார்ஜும் 2,400. கையேடு அச்சடித்தது 6,300. அச்சகக்காரர் மட்டும் ஜிஎஸ்டி பில் கொடுத்தார், மற்ற இரண்டும் தெரிந்த கடையில் துண்டுச்சீட்டில் வாங்கியவை. அலுவலகத்தில் 6,300 மட்டும் பாஸ் ஆனது. மிச்சம் என் தலையில் விழுந்தது. இதில் கொடுமை என்னவென்றால், பயிற்சி நடந்த கம்ப்யூட்டர் லேபில் வைரஸ் பயத்தால் யூஎஸ்பி போர்ட்டுகளை எல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள். 35 பென் டிரைவில் ஒன்றைக்கூட அங்கே செருக முடியவில்லை. லேபுக்கு ஒரு நாள் முன்னால் போய், ஒரு மாணவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, நீங்கள் சொல்லப்போவதை எல்லாம் ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். ஆசிரியர் மேசையிலுள்ள கம்ப்யூட்டரில் எல்லாமே வேலை செய்யும், அதை நம்பாதீர்கள்.

முதல் நாள் காலை இன்னொரு விஷயம் தெரியவந்தது. வந்தவர்களில் 14 பேர் கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருந்தார்கள், 11 பேர் சோல் என்ற இன்னொன்று. மீதி 7 பேரிடம் எக்செல் அல்லது வெறும் பதிவேடுதான். என் ஸ்லைடுகள் எல்லாம் கோஹா திரையைக் காட்டின. சோல் வைத்திருந்த ஒரு அம்மா, "எனக்கு இந்தத் திரையே வராதே மேடம், நான் என்ன பண்றது?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். யார் என்ன மென்பொருள் வைத்திருக்கிறார்கள் என்று பதிவுப் படிவத்தில் ஒரு வரி கேட்டிருந்தால் போதும். படிவத்தில் நான் கேட்டிருந்தது சைவமா அசைவமா என்று.

அப்புறம் நேரடி விளக்கம். ஓர் ஈ-புக்கைத் திறந்தேன், உலாவியின் மேல்பட்டையில் இருந்த முகவரியை நகலெடுத்து இணைப்புக்கான 856 என்ற புலத்தில் ஒட்டினேன். என் திரையில் சொடுக்கினால் புத்தகம் ஜம்மென்று திறந்தது. அவர்கள் 32 பேரும் அதையே சொடுக்க, லாகின் பக்கம் வந்து நின்றது. காரணம் இதுதான்: மேல்பட்டையில் இருந்தது நான் உள்ளே நுழைந்த அந்த நேரத்துக்கான தற்காலிக முகவரி. கேட்லாகுக்குப் போக வேண்டியது நிலையான முகவரி. ஆய்வேடு என்றால், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஒவ்வொன்றுக்கும் 10603 என்று தொடங்கும் ஹேண்டில் என்ற நிலையான எண் உண்டு, அதைத்தான் எடுக்க வேண்டும். கட்டுரைக்கும் பல மின்-நூல்களுக்கும் டிஓஐ எண் இருக்கும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் 32 பேர் பார்க்கும்போது கை பழக்கதோஷத்தில் மேல்பட்டைக்குப் போய்விட்டது. இப்போது நான் சொல்லித்தரும் வழக்கம்: இணைப்பை ஒட்டுவதற்கு முன், கல்லூரி வைஃபையை விட்டு வெளியே வந்து, உங்கள் ஃபோனில் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். இலவச வளம் என்றால் திறக்க வேண்டும். சந்தா வளம் என்றால் லாகின் கேட்டு, உள்ளே போனதும் அதே புத்தகத்துக்கு வர வேண்டும். முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அந்த இணைப்பு உதவாது.

மதியம் நாற்பது நிமிடம் ஒரே சண்டை. ஏஏசிஆர்2 என்ற பழைய பட்டியலாக்க விதிகளின் காலத்தில் படித்தவர்கள் தலைப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மின் வளம்' என்று போட்டுப் பழகியவர்கள். ஆர்டிஏ என்ற புதிய விதிகள் வந்ததும் அது போய்விட்டது, அதற்குப் பதிலாக வளத்தின் வகையைச் சொல்ல 336, 337, 338 என்று மூன்று புலம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013 மார்ச் 31-இல் ஆர்டிஏவுக்கு மாறியது, நம்மில் பலர் இன்னும் மாறவில்லை. "பழைய முறையில் வாசகனுக்குப் பார்த்ததும் தெரியும், இது கம்ப்யூட்டர்ல படிக்கிறதுன்னு. உங்க 338-ஐ எந்த மாணவன் பார்ப்பான்?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஓபாக்கில், அதாவது வாசகர் தேடும் கேட்லாக் திரையில், அந்தப் புலங்களைக் காட்டவோ ஐகானாக மாற்றவோ ஏற்பாடு செய்யாவிட்டால் மாணவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த விவாதத்துக்கு நான் நாற்பது நிமிடம் கொடுத்திருக்கக் கூடாது. "இந்தப் பயிற்சியில் நாம் இப்படிப் போடுகிறோம், பழைய ரெக்கார்டுகளைத் தொட வேண்டாம்" என்று ஒரு தாளில் அச்சடித்து முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். கேட்லாகர்களுக்கு அரைப்புள்ளியைப் பற்றி அரைநாள் பேசப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் தமிழ் காலை வாரியது. தமிழ் மின்-நூல்களின் பட்டியலை எக்செலில் தயாரித்து, மார்க்எடிட் என்ற மென்பொருள் மூலம் மார்க் ரெக்கார்டாக மாற்றி, கோஹாவில் ஏற்றிக் காட்டுவதாகத் திட்டம். ஏற்றினோம். தலைப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. 'தொல்காப்பியம்' இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ????????. பின்னால் யாரோ சிரித்தார்கள். எக்செலில் சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி என்று கொடுத்திருந்தேன், 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக உள்ளதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ரெக்கார்டின் தலைப்பகுதியான லீடரில் ஒன்பதாம் இடத்தில் 'a' என்ற ஆங்கில எழுத்து இருந்தால்தான் அது யூனிகோடு என்று மென்பொருளுக்குத் தெரியும், அதையும் பார்க்கவில்லை. இன்னொருவர் கொண்டுவந்த பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. எழுத்துருவை மாற்றியதும் எல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறியது. அதை முதலில் ஓர் எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு யூனிகோடாக்கிய பிறகே தொட வேண்டும். அமெரிக்கப் பாடத்தில் இதெல்லாம் எங்கே இருக்கும்? தமிழ் நூலகத்தில் சொல்லித்தருபவர் முதல் நாளே எடுக்க வேண்டிய பாடம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சான்றிதழ், குரூப் ஃபோட்டோ. கருத்துப் படிவங்களில் 32 பேரும் 'மிக நன்று' போட்டிருந்தார்கள். படிவத்தை வாங்கிக்கொண்டுதான் சான்றிதழ் கொடுத்தோம், வேறு என்ன எழுதுவார்கள்? வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவராக ஃபோன் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, மனம் கேட்கவில்லை. 32 பேரில் 4 பேர்தான் தங்கள் ஊரில் யாருக்காவது சொல்லித்தந்திருந்தார்கள். அதில் 3 பேர் என் ஸ்லைடுகளை அப்படியே போட்டு வாசித்திருக்கிறார்கள். "நல்லாப் போச்சு மேடம், யாரும் ஒரு கேள்விகூடக் கேக்கல" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மற்ற 28 பேரும் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான்: எனக்குப் புரிஞ்சது, ஆனா எழுந்து நின்னு சொல்லித்தர தைரியம் இல்லை. அவர்களை ஒரு தடவைகூட நான் எழுந்து நிற்கவைக்கவில்லையே. இரண்டு நாளும் நான்தான் நின்றேன்.

அதற்குப் பிறகுதான், சொல்லித்தருபவருக்கான அந்தக் கையேட்டைத் திறந்து படித்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எந்தக் கேள்வி வரும், பயிற்சிக்கு எவ்வளவு நேரம் என்றெல்லாம் ஓரத்தில் எழுதியிருந்தது. ஸ்லைடு வெறும் எலும்புக்கூடு.

2023 ஜூனில் மறுபடி ஒரு தடவை செய்தேன். நாக் குழுவுக்காக இல்லை, பேனரும் இல்லை. பக்கத்து ஊர் கல்லூரி ஒன்றில் லேப் கொடுத்தார்கள். 12 பேர், நான்கு சனிக்கிழமை, தினம் மூன்று மணி நேரம். முதல் நாள் வரும்போதே ஒவ்வொருவரும் தங்கள் மாணவர்கள் உண்மையில் கேட்கிற ஐந்து இணைய வளங்களை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னேன். வந்தவை: கல்லூரிகளுக்கான மின்-வளத் திட்டமான என்-லிஸ்ட்டில் உள்ள பாடநூல்கள், ஷோத்கங்கா ஆய்வேடுகள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், மதுரைத் திட்டத்தின் இலக்கியங்கள், ஓரிரு இலவச இதழ்கள். இந்த 60 வளங்களே எங்கள் பாடப்புத்தகம் ஆயின.

புல எண்களை முதல் வாரம் நான் வாயால் உச்சரிக்கவே இல்லை. ஒவ்வொரு வளத்தையும் திறந்து, ஒரே கேள்வி. இது முடிந்துபோன ஒன்றா, பகுதி பகுதியாக வந்துகொண்டே இருப்பதா, அல்லது அதே இடத்தில் உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருப்பதா? ஆய்வேடு முடிந்துபோனது. இதழ் வந்துகொண்டே இருப்பது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத் தளம் மூன்றாவது வகை, இன்று பார்த்ததற்கு அடுத்த மாதம் கூடியிருக்கும். அதற்கு லீடரில் ஏழாம் இடத்தில் 'i' போட வேண்டும், எந்த நாளில் பார்த்தோம் என்று 588 என்ற குறிப்புப் புலத்தில் தேதியோடு எழுத வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பாதிப் புலங்கள் தானாக நிரம்பும். இதைப் புரியவைக்காமல் 008 புலத்தில் 23-ஆம் இடத்தில் ஆன்லைனுக்கு 'o' போடு என்று சொல்லி என்ன பயன்? போடுவார்கள், ஏன் என்று தெரியாமல். அடுத்தவருக்கும் அப்படியே சொல்வார்கள்.

இரண்டாவது வாரம் எதைச் செய்யக் கூடாது என்று பேசினோம். என்-லிஸ்ட்டில் லட்சக்கணக்கில் மின்-நூல் இருக்கிறது, எல்லாவற்றையும் கேட்லாகில் ஏற்றுகிறேன் என்று ஒரு தம்பி ஆர்வமாகக் கிளம்பினார். ஏற்றலாம், ஆனால் உங்கள் கல்லூரியின் இருபதாயிரம் அச்சு நூல்கள் அந்தக் கடலில் மூழ்கிவிடும். உங்கள் பாடத்திட்டத்தில் உள்ளவற்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே எழுதியது, இந்த மாதிரி ஓபாக்கைப் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் கோபமாக வந்திருக்கும். மொத்தமாக ஏற்றும்போது அந்தத் தொகுதிக்கு ஒரு குறியீடு கட்டாயம் போடுங்கள். சந்தா நின்ற அன்று அத்தனையையும் தேடி நீக்க அதுதான் கைகொடுக்கும். கோஹாவில் ஏற்றிய தொகுதியை அப்படியே திரும்பப் பெறவும் வசதி உண்டு. ஒரே நூல் இரண்டு தளத்தில் கிடைத்தால் இரண்டு ரெக்கார்டு வேண்டாம், ஒரு ரெக்கார்டில் இரண்டு 856 போதும். அச்சுப் பிரதி ஏற்கெனவே இருந்தால், சின்னக் கல்லூரிக்கு அதே ரெக்கார்டில் 856-ஐச் சேர்த்து, குறியீட்டெண் 4, 1 என்று கொடுத்துவிடச் சொல்வேன். தனி ரெக்கார்டுதான் சரி என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு உதவியாளர்கூடக் கிடையாது என்பதால் நான் எளிய பக்கம். வருடத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், இணைப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கோஹாவிலேயே ஒரு நிரல் இருக்கிறது, சர்வர் பார்க்கிறவரிடம் ஓட்டச் சொன்னால் போதும்.

மூன்றாவது, நான்காவது சனிக்கிழமைகளை அவர்களிடம் விட்டுவிட்டேன். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். தன் ஐந்து வளத்தில் ஒன்றை எடுத்து, மற்ற 11 பேரும் தன் ஊர் நூலகர்கள் என்று நினைத்துச் சொல்லித்தர வேண்டும், ஸ்லைடு கிடையாது. நான் வேண்டுமென்றே தப்பாகச் செய்த ரெக்கார்டு ஒன்றும் ஒவ்வொருவருக்கும் உண்டு: செத்த இணைப்பு, அச்சு இதழின் ஐஎஸ்எஸ்என் அடையாள எண்ணை ஆன்லைன் இதழுக்குப் போட்டது, கேள்விக்குறி தமிழ். எல்லாரும் பார்க்க அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லப்போனால் இந்த முழு வேலையிலும் மிகக் கஷ்டமானது அதுதான். ஒருவர் தடுமாறும்போது நாக்கு நுனிவரை பதில் வந்து நிற்கும். சொல்லிவிட்டால் அவர் அடுத்த ஊரில் தடுமாறும்போது நான் அங்கே இருக்க மாட்டேன்.

கடைசி சனிக்கிழமை ஒரு பாலிடெக்னிக் நூலகர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, முன்னால் நின்றார். பாதியில் இன்னொருவர் கையைத் தூக்கினார். எனக்கு அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. "தம்பி, இதுக்கு அக்சஷன் நம்பர் என்ன போடுறது?"

அந்தத் தம்பி கொஞ்சம் யோசித்தார். "சார், வீட்டுக்குத் தினமும் பால் வாங்குறோம். அதுக்காக மாட்டுக் காதுல நம்பர் அடிக்கிறோமா? மாடு நம்மோடது இல்லையே. சந்தா அப்படித்தான். நாளைக்குப் பணம் கட்டலைன்னா பால் நின்னுரும். மாட்டையே விலைக்கு வாங்கினா, அதாவது ஒரேயடியா வாங்கின ஈ-புக்னா, அப்போ தனியா ஒரு ஈ-பதிவேடு போட்டு பில் நம்பரோட எழுதிக்கலாம், ஆடிட்டுக்கு வேணும்" என்றார். அதோடு நிற்கவில்லை. "ஆனா கோஹால ஐட்டமே சேர்க்காம விட்டா ஓபாக்ல பிரதி எதுவும் இல்லைன்னு காட்டும், பசங்க திரும்பிப் போயிருவாங்க. அதனால இரவலுக்கு இல்லைன்னு ஒரு ஐட்டம் வகை உண்டாக்கி ஒண்ணே ஒண்ணு சேர்த்திருங்க. பார்கோடு 'ஈ'-ன்னு ஆரம்பிக்கட்டும், பழைய வரிசையோட கலக்காது" என்றார்.

கேட்டவர் எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன். முதல் தொகுதியில் என்னிடம் கேட்ட அந்த மூத்த நூலகருக்கு அன்று ராத்திரியே ஃபோன் போட்டு, ஏழு மாதம் தாமதமாகப் பதில் சொன்னேன். மாட்டு உதாரணத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அந்தத் தம்பி நம்பர் குடுங்க மேடம், எங்க ஊர்ல பதினைஞ்சு பேர் இருக்கோம்" என்றார். ஆகஸ்டில் தம்பிதான் போய் எடுத்தார். போவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மிச்சம் இருக்கும் பென் டிரைவ் ஏதாவது கிடைக்குமா?